பலகையில் தங்கிவிட்ட வில்லை

மூன்றாவது முறையாக டாரிலும் அவன் மனைவி கொரினும் பென்னிவெல்லை விட்டுப் புறப்பட்டபோது ஊரில் ஒருவரும் விருந்து வைக்கவில்லை. முதல் தடவை ஊரே கூடி இறைச்சி சுட்டு, பாட்டுப் பாடி, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு பயணத்தில் பீர் குளிரவைக்க ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் தடவையும் அதே விருந்து, அதே பாட்டு, இன்னொரு ஐஸ் பெட்டி. இந்தத் தடவை சுரங்க ஃபோர்மேன் மெர்வ் சிரிக்காமல் சொல்லிவிட்டார்: "அந்த ரெண்டையும் முதல்ல தேயுற வரைக்கும் உபயோகிங்க. அப்புறம் பாக்கலாம்."

கேலி நியாயமானதுதான். முதல் தடவை, வண்டியில் சாமான் ஏற்றிய பிறகு, சுரங்கத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும் இருந்து கொடு என்று கம்பெனி டாரிலைக் கேட்டது. இருந்து கொடுத்தான். இரண்டாம் தடவை மெர்வுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, கால் ஆறும்வரை நீ என் இடத்தில் நில் என்றார். நின்றான். முழங்கால் ஆறிப் பதினான்கு மாதம் ஆகிறது. மெர்வ் ஏணியில் ஏறி இறங்குகிறார், டாரில் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

வந்தது இரண்டு வருடத்துக்கு என்றுதான். தெற்கே கடலோர அட்லெய்டு நகரில் டாரில் வேலை பார்த்த கார் தொழிற்சாலையை மூடியபோது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. அதற்குப் பிறகு பத்தொன்பது மாதம் வீட்டில் இருந்தான். கொரின் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில் இருவரும் சாப்பிட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் டாரில் சட்டென்று எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பிப்பான். துடைத்த மேசையையே மறுபடி துடைப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், வடக்கே தாமிரச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள், வீடும் தருகிறார்கள் என்று அவன் சொன்னதும், அவள் தலையை ஆட்டினாள். டிராம் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். இரண்டு வருடம் ஆறு வருடம் ஆகிவிட்டது.

பென்னிவெல்லில் ஒரே தெரு. தெருவில் நாற்பது வீடு, நாற்பதும் ஒரே அச்சு, நாற்பதும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். மளிகை லாரி வியாழக்கிழமை வரும். பல்வலி வந்தால் நான்கு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், அதனால் ஊரில் பாதிப்பேர் பல்வலியோடு குடும்பம் நடத்தினார்கள். சிவப்புத் தூசி மாவு டப்பாவுக்குள்ளும் வரும், தலையணை உறைக்குள்ளும் வரும். இதெல்லாம்கூட ஒரு மனுஷி பழகிக்கொள்ளக் கூடியதுதான். கொரினால் பழக முடியாதது ஜன்னல்.

டாரிலுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். பகலில் தூங்க வேண்டுமே என்று எல்லா ஜன்னலிலும் அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருந்தான். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்க, உள்ளே விளக்குப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், கரண்டி பாத்திரத்தில் படாமல் கொரின் சமைப்பாள். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடுவாள். ஆறு வருடமாகச் சொந்த வீட்டில் கிசுகிசுத்தே பேசிப் பேசி, தங்கையோடு போனில் பேசும்போதும் குரல் எழும்பவில்லை. நீ என்ன ஜெயிலில் இருந்து பேசுகிறாயா என்று தங்கை கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். கொரின் பேச்சை மாற்றினாள்.

பழைய டிராம் ஓட்டுநர்களைத் திரும்ப எடுக்கிறார்கள் என்ற செய்தியை அனுப்பியதும் அந்தத் தங்கைதான். கொரின் டாரிலிடம் சொல்லாமலே விண்ணப்பம் போட்டாள், பதில் வந்த பிறகு சொன்னாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டிப்போவில் ஆஜராக வேண்டும். வராதவர் பெயர் அடித்துவிடப்படும், அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று சொல்வதற்கில்லை என்று கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. டாரில் அதை இரண்டு தரம் படித்தான். போகலாம் என்றான். கடலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பேசி முடித்தார்கள். அதன் ஜன்னல்கள் கிழக்குப் பார்த்தவை என்று தரகர் சொன்னதுமே கொரின் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறுக்கு முடியும் ஷிப்ட்தான் டாரிலின் கடைசி ஷிப்ட். சாமான் எல்லாவற்றையும் முதல் நாளே பிக்கப் வண்டியில் கட்டியாகிவிட்டது, இரண்டு ஐஸ் பெட்டி உட்பட. கொரின் பூந்தொட்டிகளைப் பக்கத்து வீட்டு நோலாவிடம் கொடுத்தாள், வீட்டுச் சாவியை மெர்விடம். ஐந்தே முக்காலுக்குச் சுரங்க வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். டாரில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான், ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்தான், வண்டியைக் கிளப்பினான்.

ஊரில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு பட்ட மரம் நிற்கிறது. பென்னிவெல்லை விட்டு நிரந்தரமாகப் போகிற சுரங்கத்தார் தங்கள் பித்தளை வில்லையை அந்த மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டுப் போவார்கள். வில்லை என்றால் பெயரும் எண்ணும் பொறித்த, உள்ளங்கை அளவுத் தகடு. கீழே இறங்கும்போது அதைச் சுரங்க வாய்ப் பலகையில் மாட்ட வேண்டும், மேலே வந்ததும் எடுத்துவிட வேண்டும். போனவர்களுடைய வில்லைகள் எழுபது எண்பது அந்த மரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வரும் செல்போன் சிக்னலும் அந்த மரத்தோடு முடிந்துவிடும்.

மரம் வந்தது. கொரின் சுத்தியலையும் ஆணியையும் மடியிலேயே வைத்திருந்தாள். நிறுத்து என்றாள்.

"பையில எங்கயோ அடியில கிடக்கு," என்றான் டாரில். "இப்ப போய் அதைக் குடையணுமா? விடு."

அவன் குரல் கரகரத்தது. அழுகிற முகத்தை மனைவிக்குக் காட்டக் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது. சுத்தியலைக் காலடியில் போட்டுவிட்டு அவன் தொடையில் கை வைத்தாள். கண்ணாடியில் மரம் சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினாள், அதுவும் சுருதி சேராமல்.

நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடையோடு. டாரில் டீசல் நிரப்பினான், கொரின் உள்ளே போய் முட்டையும் பன்றிக்கறியும் வைத்த ரொட்டி இரண்டு சொன்னாள். கடைக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பென்னிவெல் வண்டியா? உங்க வீட்டுக்காரர் பேரு டாரிலா?"

ஆமாம் என்றாள்.

"மெர்வுன்னு ஒருத்தர் நாலு தடவை போன் பண்ணிட்டாரும்மா. ஒரு வில்லை பலகையிலயே இருக்காம். உங்களுக்குச் சொன்னா புரியுமாம்."

புரிந்தது. பென்னிவெல்லில் ஒரு குழந்தைக்குக்கூட அது புரியும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, இரண்டு வேளையும் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். பலகையில் ஒரு வில்லைகூட இல்லாமல் காலியாக இருந்தால்தான் வெடி. ஒன்று தொங்கினாலும் ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், விசை தட்ட மாட்டார்கள். அந்த வில்லையை எடுக்க அதன் சொந்தக்காரனுடைய கையைத் தவிர வேறு கை போகக் கூடாது. எட்டு வருடத்துக்கு முன், கிளம்பிப் போனதைப் பத்துப் பேர் கண்ணால் பார்த்த ஒருவன், மறந்து வைத்த பிளாஸ்க்கை எடுக்கத் திரும்பக் கீழே இறங்கியிருக்கிறான். வில்லைதான் இன்னும் பலகையில் இருக்கிறதே என்று தைரியமாகப் போயிருக்கிறான். ஆள்தான் போய்விட்டானே என்று வேறொருவன் அதைக் கழற்றிவிட, வெடி வைத்துவிட்டார்கள். கீழே போனவன் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ, ஒரு காது போனதோடு தப்பினான். அன்றிலிருந்து அந்தச் சுரங்கத்தில் போனில் சொன்னாலும் செல்லாது, சாட்சி சொன்னாலும் செல்லாது. ஆள் நேரில் வர வேண்டும்.

டாரில் உள்ளே வந்து கடைப் போனில் மெர்வோடு பேசினான். கொரின் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடுக்கிடுவான், தலையில் அடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் வந்தது வேறு. மழையால் இன்று பள்ளிக்கூடம் கிடையாது என்று கேட்ட பையனின் முகம் அது. ஒரு கணம்தான் இருந்தது. கொரின் அதைப் பார்த்துவிட்டாள், பார்த்ததை உடனே மறக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பையில இருக்குன்னு சொன்ன," என்றாள்.

"அப்படித்தான் நெனச்சேன்."

பகல் ஷிப்ட் ஆட்கள் அறுபது பேர் இறங்க முடியாமல் மேலே நிற்கிறார்கள், வெடி நிரப்பிய துளைகள் கீழே காத்திருக்கின்றன, போகாமல் முடியாது என்றான். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். இப்போது திரும்பினால் மத்தியானம் இதே கடையில் சாப்பிடலாம், நடுராத்திரிக்குள் அட்லெய்டு போய்விடலாம். எல்லாம் சரிதான், கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கிறிஸ்துமஸும் சரியான காரணம்தான், முழங்காலும் சரியான காரணம்தான். பென்னிவெல் அவளை ஒரு நாளும் தவறான காரணம் சொல்லி நிறுத்தியதில்லை.

இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். தெற்கே போகிற பஸ் செவ்வாய்க்கிழமைதான் என்று கடைக்காரம்மா சொன்னாள். அவனைத் தனியாக அனுப்பினால் அவனும் வர மாட்டான், வண்டியும் வராது. ரொட்டியைத் தொடாமல் எழுந்தாள்.

"சாவியைக் குடு. நான் ஓட்டுறேன்."

இரவெல்லாம் வேலை பார்த்தவன் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். வாயைக் கொஞ்சம் திறந்து, நிம்மதியாக, குறட்டைகூட விட்டான். போகும்போது அவன் கண் மூடவே இல்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது. கொரின் பாட்டுப் போடவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை, இருமல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகுதான் தான் செய்தது தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. காலையில் தாண்டிய ஒவ்வொரு கல்லும் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்துகொண்டே இருந்தது. மரத்தையும் தாண்டினாள்.

சுரங்க வேலியோரம் அறுபது பேரும் வரிசையாகச் சாய்ந்து நின்றார்கள். வண்டியைக் கண்டதும் ஒருவன் கை தட்ட ஆரம்பித்தான், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "வா மச்சான், இதுதான் மூணாவது விருந்து. பீர் உன் செலவு," என்று ஒருவன் குரல் கொடுத்தான். வில்லையை மறந்தவன் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். டாரில் தலையைக் குனிந்து சிரித்தபடி உள்ளே போனான். போகும்போது அவன் நடை மாறியிருந்தது. அட்லெய்டு வீட்டில் மேசை துடைத்தவன் அப்படித் தோளை விரித்து நடந்ததே இல்லை.

மெர்வ் கொரினின் ஜன்னலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கொண்டு குனிந்தார்.

"ஏம்மா கொரின், முகமே சரியில்லையே. ராத்திரி பூரா அவன் முழிச்சிருக்கான், இப்பவே ஓட்டிட்டுப் போகணுமா? படுத்துட்டுக் காலைல போங்க." ஜன்னல் வழியாக எதையோ அவள் கையில் வைத்தார். வீட்டுச் சாவி. "ஆபீஸ்ல நான் இன்னும் ஒப்படைக்கல. ஞாயித்துக்கிழமை எவன் இருக்கான்? நோலாகூட உன் தொட்டியெல்லாம் திருப்பி உன் வாசல்லயே வச்சிட்டா. தண்ணியும் ஊத்திட்டா."

காலைல போக முடியாது, திங்கட்கிழமை ஏழு மணி என்று அவள் சொன்னாள். ஓ, அப்படியா என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரிடம் துளி வஞ்சகம் இல்லை. நோலாவிடமும் இல்லை. கெடுதல் செய்கிறவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு என்றோ போயிருப்பாள். இத்தனை அன்பாக இருக்கிறவர்களிடம் எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியாமல் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சங்கு ஊதியது. நிலத்துக்கடியில் வெடித்தது. வண்டி ஒரு முறை குலுங்கியது, பின்னால் கட்டிய பெட்டிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஆறு வருடமாகத் தினம் இரண்டு வேளை அவள் கேட்ட அதே சத்தம். பலகை காலியாகிவிட்டது.

டாரில் இருபது நிமிடம் கழித்து வந்தான். கையில் வில்லை இருந்தது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினான். ட்ரில் ஓட்டுகிற ஒருவன் நேற்று கணுக்காலைத் திருகிக்கொண்டானாம். ஒரே ஒரு ஏழு நாள். அவள் முதலில் போய் வேலையில் சேரட்டும், அவன் அடுத்த ஞாயிறு பின்னாலேயே வந்துவிடுவான்.

"டாரில், ஆறு வருஷத்துல நீ எத்தனை தடவை வில்லையை மறந்திருக்க?"

அவன் பக்கக் கண்ணாடியின் தூசியை விரலால் துடைத்தான்.

"சொல்லு. எத்தனை தடவை?"

"ஒரு தடவைகூட இல்ல."

"இன்னைக்கு?"

வேலியோரம் ஆட்கள் கலைந்து இறங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். டாரில் வில்லையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"மறக்கல கொரின். பலகை முன்னாடிதான் நின்னேன். பின்னாடி வரிசையா ஆளு, எல்லாரும் எடுத்துட்டுப் போறான். எனக்குக் கை எழும்பல. அங்க போயி நான் என்ன செய்வேன்? திரும்பவும் மேசை துடைக்கவா? இங்க அறுபது பேரு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்."

அவள் அவனை வைய நினைத்தாள். வராத வசவை விட்டுவிட்டு அழுதாள். அவன் மேல் கோபம் இருந்தது, அதைவிடக் கூடுதலாகப் பிரியம் இருந்தது, இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உனக்குக் கை எழும்பல. சரி," என்றாள். "எனக்கு இங்க குரலே எழும்பல டாரில். ஆறு வருஷமா. அது உனக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று அவன் முகம் சொன்னது. கேட்டிருக்கவும் முடியாது, அவன் தூங்க வேண்டும் என்றுதானே அவள் பேசாமல் இருந்தாள். அவன் பின்னால் போய்த் தன் பையை மட்டும் இறக்கினான். ஒரு ஐஸ் பெட்டியையும் இறக்கினான், யோசித்து அதைத் திரும்ப ஏற்றி வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். அவள் முடிச்சு எப்போதும் தளர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். நில் என்று அவன் சொல்லவில்லை, நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மெதுவா ஓட்டு என்றான்.

ஒரே தெருவைக் கடந்தாள். தன் வீட்டு வாசலில் தொட்டிகள் ஈரத்தோடு வரிசையாக நின்றன. நோலா கையசைத்தாள், இவளும் அசைத்தாள். அசைத்த கையில்தான் வீட்டுச் சாவி இருந்ததைக் கண்டாள். திரும்பிக் கொடுத்துவிட்டு வரலாம், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை அவள் நம்பவில்லை. மிதித்தாள்.

மரத்தடியில் நிறுத்தினாள். சுத்தியலை எடுத்து, சாலைப் பக்கம் தாழ்ந்திருந்த கிளையில் ஆணி அடித்தாள், பட்ட மரம் இரும்பு மாதிரி இருந்தது, விரலில் ஒரு அடி வாங்கினாள். சாவியை மாட்டினாள். போன வருடம், அதற்கு முந்தைய வருடம், இருபது வருடம் முன்பு போனவர்களுடைய பெயர்கள் சுற்றிலும் ஆடின. போனை எடுத்தாள். ஒரு கோடு சிக்னல் இருந்தது.

வீட்டுச் சாவி மரத்தில் தொங்குகிறது என்று மட்டும் டாரிலுக்கு எழுதி அனுப்பினாள். ஆபீஸ் மூடியிருக்கிறது, வேறு சாவி நாளைக்குத்தான் கிடைக்கும், வீட்டுக்குள் போய்ப் படுக்க வேண்டுமானால் அவனே இங்கு வர வேண்டும். இவ்வளவு தூரம் வந்தவன் மேற்கொண்டும் வரலாமே என்று அவள் மனம் கணக்குப் போட்டது. எஞ்சினை அணைக்காமல், ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தூசி கிளம்பவில்லை. கால் மணி நேரம் கழித்துப் போன் துடித்தது.

"எந்தக் கிளைல?" என்று கேட்டிருந்தான்.

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழே இறங்கி, இன்னொரு ஆணியை எடுத்துச் சாவிக்குப் பக்கத்திலேயே அடித்தாள். வண்டிக்குத் திரும்பி வந்து பதில் எழுதினாள்.

"ரோட்டுப் பக்கம், தாழ்ந்த கிளை. பக்கத்துல காலியா ஒரு ஆணி இருக்கு."

அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள், சேர்ந்திருந்தது. தெற்கே திரும்பி வண்டியை எடுத்தாள். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.